பணி உளைச்சலுக்கான மேலாண்மைச் செந்தரங்கள்

பணி உளைச்சலுக்கான மேலாண்மைச் செந்தரங்கள் என்பவை, ஊழியர்களின் உடல்நலத்தையும் உளநலத்தையும் பாதிக்கும் பணிச்சூழல் காரணிகளை இனங்கண்டு குறைப்பதற்காகப் பிரித்தானியாவின் உடல்நல மற்றும் பாதுகாப்பு நிருவாகம் 2004 நவம்பர் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஆகும். இவை பணிச்சுமை, தீர்மான உரிமை, ஆதரவு, உறவுகள், பொறுப்பு, மாற்றம் ஆகிய ஆறு துறைகளைக் கொண்டவை. ஊழியரின் மனவுறுதியை வளர்ப்பதைவிட, அவருடைய வேலை அமைந்துள்ள விதத்தைத் திருத்துவதே முதன்மையானது என்பது இவற்றின் அடிப்படைக் கருத்து. வேலையைப் பகிர்ந்தளித்தல், கெடு விதித்தல், ஆள் ஒதுக்குதல், பணிநேரம் வகுத்தல் ஆகியன மேலாளரின் கையில் இருப்பதால், ஊழியர் நலத்தில் மருத்துவரைப் போலவே மேலாளருக்கும் பங்கு உண்டு என்று இவை கொள்கின்றன.

இச்செந்தரங்கள் தம்மளவில் சட்டம் அல்ல. எனினும் ஊழியர் நலம் குறித்துப் பிரித்தானியச் சட்டம் விதிக்கும் கடமைகளை ஒரு நிறுவனம் நிறைவேற்றுவதற்கான ஏற்கப்பட்ட வழிமுறையாக இவை விளங்குகின்றன.

அழுத்தமும் உளைச்சலும்

அன்றாடப் பேச்சில் அழுத்தம், உளைச்சல் ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்குகின்றன. இச்செந்தரங்கள் இரண்டையும் வேறுபடுத்துகின்றன. தாங்கக்கூடிய அளவு அழுத்தம் வேலையில் ஊக்கத்தைத் தரக்கூடும். அழுத்தம் அளவுக்கு மீறும்போது, அல்லது அதைச் சமாளிக்கும் வழிகள் ஒருவருக்கு இல்லாதபோது, அவரிடம் எழும் தீய எதிர்விளைவே உளைச்சல் ஆகும். உளைச்சல் தன்னளவில் ஒரு நோயன்று. ஆனால் அது நெடுங்காலம் நீடித்தால் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, இதயநோய் போன்றவற்றுக்கு இட்டுச் செல்லலாம்.

உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11 ஆம் திருத்தத்தில், பணிச்சோர்வு என்பது நோயாக அல்லாமல், முறையாகக் கையாளப்படாத நெடுநாள் பணி உளைச்சலால் விளையும் பணிசார் நிகழ்வாகவே குறிக்கப்பட்டுள்ளது.

பின்னணி

சட்டப் பின்னணி

1970 இல் அமைக்கப்பட்ட இராபன்ஸ் குழு 1972 இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில், 1974 ஆம் ஆண்டு பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது. நடைமுறையில் இயன்றவரை எல்லா ஊழியர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நலனையும் உறுதிசெய்ய வேண்டியது முதலாளியின் கடமை என்று இச்சட்டம் கூறுகிறது. உடல்நல மற்றும் பாதுகாப்பு நிருவாகம் இச்சட்டத்தின் கீழ் 1975 இல் செயற்படத் தொடங்கியது.

தொடக்கத்தில் இயந்திரங்கள், வேதிப்பொருட்கள், தூசி, இரைச்சல் முதலிய கண்ணுக்குத் தெரியும் இடர்களே கவனம் பெற்றன. சட்டத்தில் உள்ள உடல்நலம் என்னும் சொல் உளநலத்தையும் உள்ளடக்கும் என்ற கருத்து படிப்படியாகவே வலுப்பெற்றது. 1999 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் எல்லாப் பணியிடங்களிலும் இடர் மதிப்பீடு செய்வதைக் கட்டாயமாக்குகின்றன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் அம்மதிப்பீட்டை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். உளைச்சலும் இம்மதிப்பீட்டில் அடங்கும்.

ஆய்வுப் பின்னணி

அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் கராசெக் 1979 இல் முன்வைத்த கோட்பாடு இத்துறையில் முன்னோடியானது. வேலை கடினமாக இருப்பது மட்டும் ஒருவரை நோயாளியாக்குவதில்லை. வேலை கடினமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் நிலையே மிகுந்த தீங்கு தருவது என்று அவர் கூறினார். உடன் பணிபுரிவோரின் ஆதரவு என்னும் மூன்றாவது கூறு 1988 இல் சுவீடனில் ஜான்சன், ஹால் ஆகியோர் செய்த ஆய்வின் வழியாக இக்கோட்பாட்டில் இணைந்தது.

இலண்டனில் அரசு ஊழியர்களிடையே நடத்தப்பட்ட வைட்ஹால் ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுச்சேர்த்தன. 1967 இல் தொடங்கிய முதல் ஆய்வில், மிகக் கீழ்ப்படிநிலையில் இருந்த ஆண்களின் இறப்பு வீதம் மிக மேற்படிநிலையில் இருந்தோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இவர்கள் எவரும் வறியவர் அல்லர். எல்லோரும் நிலையான அரசுப் பணியில் இருந்தவர்கள். மைக்கேல் மார்மட் தலைமையில் 1985 முதல் 1988 வரை 20 துறைகளைச் சேர்ந்த 10,308 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வு, இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை ஆராய்ந்தது. வேலைமீது தீர்மான உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் மிகுதியாக ஏற்பட்டதாக 1997 இல் வெளியான இதன் முடிவுகள் காட்டின.

வாக்கர் வழக்கு

நோர்தம்பர்லாந்து கவுண்டி மன்றத்துக்கு எதிராக வாக்கர் என்பவர் தொடுத்த வழக்கு, பணி உளைச்சல் குறித்த பிரித்தானியச் சட்ட வரலாற்றில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அவர் சமூக சேவைத் துறையில் களப்பணியாளர் குழுக்கள் நான்கை நிருவகித்து வந்த அதிகாரி. சிறுவர் வதை தொடர்பான வழக்குகள் ஆண்டுதோறும் பெருகின. ஆனால் அவற்றைக் கையாளப் போதிய ஆட்கள் அளிக்கப்படவில்லை. 1986 நவம்பரில் அவர் மனமுறிவுக்கு ஆளாகி விடுப்பில் சென்றார்.

1987 மார்ச்சில் பணிக்குத் திரும்பியபோது, உதவியாளர் ஒருவர் அளிக்கப்படுவார் என்று அவருக்கு உறுதி கூறப்பட்டது. அவ்வுதவி ஒரு மாதத்துக்குள்ளேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. விடுப்புக் காலத்தில் தேங்கிய கோப்புகளும் அவருக்காகக் காத்திருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இரண்டாம் முறை மனமுறிவுக்கு ஆளானார். 1988 பிப்ரவரியில், நிலையான உடல்நலக் குறைவு என்ற காரணத்தின் பேரில் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

முதல் மனமுறிவை மன்றம் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் இரண்டாவதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆகவே அதற்கு மன்றமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இத்தீர்ப்பு வெளியானது. மேன்முறையீடு நிலுவையில் இருக்கையில், 1996 இல், 175,000 பவுண்டு இழப்பீட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது.

மேலாளர்களைப் பொறுத்தவரை இவ்வழக்கு ஒரு தெளிவான பாடத்தைத் தருகிறது. நோயுற்றவர் திரும்பி வந்ததும் அவரை வரவேற்பது மட்டும் போதாது. அவரை நோய்க்கு உள்ளாக்கிய வேலை அப்படியே இருந்தால், அவர் பழைய இடருக்கே திரும்ப அனுப்பப்படுகிறார்.

செந்தரங்களின் உருவாக்கம்

நிருவாகத்தின் வேண்டுகோளின்படி பிரிஸ்டல் நகரில் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஐந்தில் ஒருவர் தம் வேலையில் மிகுந்த உளைச்சலுக்கு ஆளாவதாகத் தெரிவித்தது. 2003 ஆம் ஆண்டில், ஊழியர் உளைச்சல் தொடர்பான இடர் மதிப்பீடு செய்யாமைக்காக மேற்கு டோர்செட் மருத்துவமனை அறக்கட்டளைக்கு நிருவாகம் திருத்த அறிவிப்பு ஒன்றை வழங்கியது. பணி உளைச்சலுக்காக அளிக்கப்பட்ட முதல் அறிவிப்பாக இது குறிப்பிடப்படுகிறது. முன்னோட்டச் சோதனைகளுக்குப் பின்னர் 2004 இல் செந்தரங்கள் வெளியாயின.

ஆறு துறைகள்

ஒவ்வொரு துறையிலும் எட்டவேண்டிய நிலை ஒன்று வரையறுக்கப்பட்டுள்ளது. மேலாளர் செய்யத்தக்கவை அந்நிலையிலிருந்து பெறப்படுகின்றன.

1. பணிச்சுமை

வேலையின் அளவு, வேகம், பணிநேர முறை, பணியிடச் சூழல் ஆகியன இதில் அடங்கும். ஒப்புக்கொண்ட பணிநேரத்துக்குள் செய்துமுடிக்கக்கூடிய வேலையே ஒருவருக்குத் தரப்பட வேண்டும். புதிய வேலை ஒன்றை ஒப்படைக்கும் மேலாளர், ஏற்கெனவே உள்ளவற்றுள் எதைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். ஒருவர் விடுப்பில் செல்லும்போது அவருடைய வேலையை யார் செய்வது என்பதை முன்னரே முடிவுசெய்வதும் இதன்பாற்படும். சுமை மிகுவது மட்டுமன்றி, திறமைக்கேற்ற வேலை இல்லாமல் வெறுமையாக இருப்பதும் உளைச்சல் தரக்கூடியதே.

2. தீர்மான உரிமை

தம் வேலையை எவ்வரிசையில், எம்முறையில் செய்வது என்பதில் ஊழியருக்கு இயன்ற அளவு உரிமை இருக்க வேண்டும். இடைவேளை எப்போது எடுப்பது என்பதும், பணிநேர முறையை வகுக்கும்போது கருத்துக் கேட்கப்படுவதும் இதில் அடங்கும். பேருந்து ஓட்டுநர், செவிலியர் போன்றோரின் வேலையில் நேரம் கண்டிப்பானது. அத்தகைய பணிகளிலும், பணிமுறைப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவதாலும், ஒருவருக்கொருவர் முறை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதாலும் இவ்வுரிமையை ஓரளவு தரமுடியும்.

3. ஆதரவு

மேலாளரிடமிருந்து கிடைக்கும் ஆதரவு, உடன் பணிபுரிவோரிடமிருந்து கிடைக்கும் ஆதரவு என இது இருவகைப்படும். வேலைக்கு வேண்டிய கருவிகள், பயிற்சி, தகவல், செய்த வேலை பற்றிய கருத்து ஆகியன உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் தனித்தனியே சந்தித்துப் பேசும் வழக்கம் இதற்கு உதவும். அச்சந்திப்பில் வேலையின் முன்னேற்றத்தை மட்டும் கேட்டுவிட்டு முடித்துக்கொண்டால் பயன் குறையும்.

4. உறவுகள்

மிரட்டல், இழிவுபடுத்தல், ஒதுக்கிவைத்தல் முதலிய நடத்தைகளைத் தடுப்பதும், அவை நேர்ந்தால் அச்சமின்றி முறையிட வழிசெய்வதும் இத்துறையின் நோக்கம். குழுவில் ஒருவர் கேலிக்கு உள்ளாவதைக் கண்டும் மேலாளர் வாளாவிருந்தால், அது அவருடைய ஒப்புதலாகவே பிறரால் கொள்ளப்படும்.

5. பொறுப்பு

தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பது ஒவ்வொருவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். ஒருவர் ஏற்கும் பொறுப்புகள் ஒன்றோடொன்று முரண்படவும் கூடாது. இரண்டு மேலதிகாரிகள் ஒரே நாளில் வெவ்வேறு வேலைகளை முதன்மையானவை என்று கூறுவது இத்துறையில் அடிக்கடி எழும் சிக்கல். அதைத் தீர்த்துவைப்பது மேலதிகாரிகளின் பொறுப்பே அன்றி இடையில் நிற்கும் ஊழியரின் பொறுப்பன்று.

6. மாற்றம்

நிறுவன மறுசீரமைப்பு, புதிய கணினி முறை, இடமாற்றம் போன்றவற்றை ஊழியர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, காரணத்தை விளக்கி, அவர்களின் கருத்தைக் கேட்ட பின்னரே நடைமுறைப்படுத்த வேண்டும். முடிவு எட்டப்படாத நிலையிலும், எப்போது முடிவு தெரியவரும் என்பதைக் கூறுவது வதந்திகளைக் குறைக்கும்.

நடைமுறை

செந்தரங்களைப் பயன்படுத்தும் முறை, பொதுவான இடர் மதிப்பீட்டைப் போலவே ஐந்து படிகளைக் கொண்டது:

- இடர் தரும் காரணிகளை இனங்காணல்
- யாருக்கு எவ்வாறு தீங்கு நேரலாம் என்று அறிதல்
- இடரின் அளவை மதிப்பிட்டு நடவடிக்கை எடுத்தல்
- கண்டறிந்தவற்றைப் பதிவுசெய்தல்
- தொடர்ந்து கண்காணித்து மீளாய்வு செய்தல்

முதற்படிக்கு உதவும் வகையில் 35 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்று வெளியிடப்பட்டுள்ளது. ஊழியர்கள் பெயர் குறிப்பிடாமல் விடையளிப்பர். விடைகள் ஏழு அளவுகோல்களில் தொகுக்கப்படும். ஆதரவு என்னும் துறை மேலாளர் ஆதரவு, உடன் பணிபுரிவோர் ஆதரவு என இரண்டாகப் பிரிக்கப்படுவதே ஏழாவதற்குக் காரணம். நோய்விடுப்பு, பணிவிலகல் பற்றிய பதிவுகளும் உடன் ஆராயப்படுகின்றன. வினாக்கொத்தின் முடிவு ஆய்வின் தொடக்கம் மட்டுமே. எண்களுக்குப் பின்னால் உள்ள காரணத்தை அறிய, ஊழியர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பேச வேண்டும் என்று நிருவாகம் வலியுறுத்துகிறது. முடிவுகளைக் கேட்டறிந்த பின்னர் எதையும் செய்யாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிட நம்பிக்கையைக் கெடுக்கும்.

மேலாளரின் நடத்தை

செந்தரங்கள் நிறுவன அளவில் வகுக்கப்பட்டவை. நேரடி மேலாளர் அன்றாடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறிய, நிருவாகத்தின் ஆதரவுடன் ஆய்வுகள் நடத்தப்பட்டு 2007 முதல் முடிவுகள் வெளியாயின. அவை நான்கு திறன்களை இனங்கண்டன:

- உணர்ச்சியைக் கட்டுப்படுத்தி நேர்மையுடனும் மதிப்புடனும் நடத்தல்
- நடப்பு வேலையையும் வரவிருக்கும் வேலையையும் திட்டமிட்டுத் தெரிவித்தல்
- குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்திருத்தல்
- மோதல் போன்ற கடினமான சூழல்களைத் தள்ளிப்போடாமல் கையாளல்

இவை சிறப்பு நலத்திட்டங்கள் அல்ல. நல்ல மேலாண்மையின் பொதுவான பண்புகளே என்பது குறிப்பிடத்தக்கது.

இத்திறன்களைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தீயணைப்புத் துறையில் 128 மேலாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2017 இல் வெளியானது. உளநலம் குறித்து ஊழியர்களிடம் எவ்வாறு பேசுவது என்பதில் நான்கு மணிநேரப் பயிற்சி பெற்றவர்களின் குழுக்களில், பயிற்சி பெறாதோரின் குழுக்களுடன் ஒப்பிடுகையில், அடுத்த ஆறு மாதங்களில் பணிசார்ந்த நோய்விடுப்பு குறைந்தது. பயிற்சிக்காகச் செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறத்தாழ 10 பவுண்டு மிச்சமானதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

மேலாளரின் பங்குக்கு எல்லையும் உண்டு. நோயைக் கண்டறிவது அவர் வேலையன்று. ஊழியர் தம் நிலையைத் தாமாகக் கூறும்போது பொறுமையாகக் கேட்டல், அதை அவருடைய இசைவின்றிப் பிறரிடம் கூறாதிருத்தல், மருத்துவ உதவிக்கு வழிகாட்டல், வேலையில் தற்காலிக மாற்றம் செய்தல் ஆகியவை அவரால் இயன்றவை. பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிகளான ஊழியர்களுக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்யுமாறு முதலாளியைப் பணிக்கிறது. நெடுநாள் உளநோய்களும் இதன் வரையறைக்குள் வரக்கூடும். அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவச் சான்றிதழ், நோயாளி வேலை செய்ய இயலாதவர் என்பதை மட்டுமன்றி, குறைந்த நேரம் அல்லது மாற்றப்பட்ட பணி போன்ற எந்நிபந்தனையில் அவர் வேலை செய்யலாம் என்பதையும் குறிப்பிட இடமளிக்கிறது.

தனிநபர் நலத்திட்டங்களுடன் ஒப்பீடு

பல நிறுவனங்கள் ஊழியர் நலத்துக்காகத் தியான வகுப்புகள், உளத்திண்மைப் பயிற்சிகள், கைபேசிச் செயலிகள், ஆலோசனைச் சேவைகள் ஆகியவற்றை வழங்குகின்றன. இவை ஊழியரை மாற்ற முயல்கின்றன. மேலாண்மைச் செந்தரங்கள் வேலையை மாற்ற முயல்கின்றன.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் பிளெமிங் 2024 இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியாவின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்கள் பற்றிய தரவுகளைப் பயன்படுத்தியது. தனிநபர் நலத்திட்டங்களில் பங்கேற்றவர்களின் உளநலம், பங்கேற்காதவர்களைவிட மேம்பட்டதாக இல்லை என்று அது கண்டது. தன்னார்வத் தொண்டு செய்யும் வாய்ப்பு மட்டுமே விதிவிலக்காக இருந்தது. அமெரிக்காவில் பெரும் வணிக நிறுவனம் ஒன்றின் ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்விலும், நலத்திட்டம் சில பழக்கங்களை மாற்றியதாக ஊழியர்கள் கூறினரேயன்றி, இரத்த அழுத்தம் போன்ற அளவீடுகளிலோ விடுப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் 18 மாதங்களில் தென்படவில்லை.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் இத்திசையில் நகர்ந்துள்ளது. ஊழியருக்கு இரகசிய ஆலோசனைச் சேவை வழங்கும் முதலாளி கடமை தவறியவராகக் கருதப்படும் வாய்ப்புக் குறைவு என்று 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருந்தது. 2007 இல் இன்டெல் நிறுவனம் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம், அத்தகைய சேவை எல்லாவற்றுக்கும் தீர்வாகாது என்று தெளிவுபடுத்தியது. அவ்வழக்கில் ஊழியர் தம் பணிச்சுமை பற்றிப் பலமுறை முறையிட்டிருந்தார். ஆலோசகரால் அச்சுமையைக் குறைத்திருக்க முடியாது. மேலாளர்களால் முடிந்திருக்கும் என்பதே தீர்ப்பின் சாரம்.

தனிநபர் உதவிகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. துயருற்றவருக்கு ஆலோசனைச் சேவை தேவைப்படலாம். ஆயினும், பணிச்சுமையைச் சீராக்குவதற்கு அது மாற்றாகாது.

திறனாய்வு

செந்தரங்கள் வெளியாகி இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் பிரித்தானியாவில் பணி உளைச்சல் குறையவில்லை. நிருவாகத்தின் மதிப்பீட்டின்படி, 2023/24 இல் 776,000 பேர் பணிசார் உளைச்சல், மனச்சோர்வு அல்லது பதற்றத்துக்கு ஆளாயினர், அதனால் 16.4 மில்லியன் வேலைநாட்கள் இழக்கப்பட்டன. 2024/25 இல் இவ்வெண்கள் முறையே 964,000 பேராகவும் 22.1 மில்லியன் நாட்களாகவும் உயர்ந்தன. உளநலம் குறித்து வெளிப்படையாகப் பேசும் வழக்கம் வளர்ந்துள்ளதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணமாகலாம்.

செந்தரங்களைப் பற்றி முன்வைக்கப்படும் முக்கியமான குறைகள் பின்வருமாறு:

- இவை கட்டாயமானவை அல்ல. உளைச்சல் தொடர்பாக நிருவாகம் அமலாக்க நடவடிக்கை எடுப்பதும் அரிது.
- பல நிறுவனங்கள் வினாக்கொத்தை நிறைவேற்றுவதோடு நின்றுவிடுகின்றன.
- நேரடி மேலாளருக்குப் பெரும்பாலும் ஆள் சேர்க்கவோ, இலக்குகளை மாற்றவோ அதிகாரம் இருப்பதில்லை. மேலிடம் விதித்த இலக்கைக் கீழே கடத்துபவராக அவர் இருக்கையில், அவரிடம் நலப் பொறுப்பை மட்டும் சுமத்துவது அவரையே உளைச்சலுக்கு ஆளாக்கும்.
- ஊதியம், வேலைப் பாதுகாப்பு ஆகியன ஆறு துறைகளில் நேரடியாக இடம்பெறவில்லை.

இவற்றுள் மூன்றாவது குறை முதன்மையானது. மேலாளருக்கு அவர் திருத்தவேண்டிய வேலையைத் திருத்தும் அதிகாரம் அளிக்கப்பட்டாலன்றி, செந்தரங்கள் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

பிற நாடுகளில்

இத்தாலியின் தேசிய தொழில் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் இச்செந்தரங்களைத் தன் நாட்டுச் சூழலுக்கு ஏற்பத் தகவமைத்துப் பயன்படுத்துகிறது. அயர்லாந்திலும் இவற்றை அடியொற்றிய முறை ஒன்று நடைமுறையில் உள்ளது. ஜப்பானில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட பணியிடங்களில் ஆண்டுதோறும் உளைச்சல் சோதனை நடத்துவது 2015 டிசம்பர் முதல் கட்டாயமாக்கப்பட்டது.

2021 இல் பன்னாட்டுச் செந்தர நிறுவனம் வெளியிட்ட ஐஎஸ்ஓ 45003, பணியிட உளச்சமூக இடர்களை மேலாளுவதற்கான முதல் உலகளாவிய வழிகாட்டியாகும். 2022 இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட பணியிட உளநல வழிகாட்டல்கள், மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதைப் பரிந்துரைக்கின்றன. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான, நலமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவற்றையும் பார்க்கவும்

- பணிச்சோர்வு
- இடர் மதிப்பீடு
- தொழில்சார் உடல்நலம்
- வைட்ஹால் ஆய்வுகள்
- மனித வள மேலாண்மை